தண்ணீருக்கு எடை போடாத ஆட்டம்

அரியலூர் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்துவிட்டு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது 2002 பங்குனியில். அதே பங்குனியில்தான் எனக்கு இரண்டாவது கருவும் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. முதலாவது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், நான்காம் மாதத்தில். எதையும் தேதியோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது என் பழக்கம். மழை பெய்த நாள், மின்சாரம் போய்த் திரும்பாத நாள், படித்து முடித்த புத்தகம் எல்லாவற்றையும் தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைப்பேன். அந்த இரண்டு தேதிகளை மட்டும் எழுதவில்லை. எழுதாமலே நிற்கின்றன.

மூன்றாவது முறை உண்டானது 2003 தையில். பெரம்பலூரில் என்னைப் பார்த்த டாக்டரம்மா இந்தத் தடவை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். படுத்தே இருக்க வேண்டும். பஸ்ஸில் அலையக் கூடாது. எந்த வெயிட்டும் தூக்கக் கூடாது. முன்பு கலைந்ததற்கும் நான் தூக்கியதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொள்ள நமக்கு வசதி இல்லை என்றார்கள்.

என் புகுந்த வீடு செந்துறை. அங்கே தூக்குவது என்றால் தண்ணீர்தான். அந்த வருஷம் மாசியிலேயே தெருக்குழாய் வறண்டுவிட்டது. லாரி தெருமுனை வரைக்கும் வரும், அது வரும் நேரம் யாருக்கும் தெரியாது. வராத நாளில் ஊருக்கு வெளியே ஒரு சோளக்கொல்லையின் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டும். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். என் மாமியாரும் நானும் மாற்றி மாற்றி எடுப்போம். அவருக்கு வலது முட்டி வீக்கம். அவர் எடுத்தால் தெருவில் யாராவது மருமகள் எங்கே என்று கேட்பார்கள். அதனால் பெரும்பாலும் நானே எடுத்தேன்.

அது தெரிந்து பங்குனியில் அம்மா என்னைக் காரில் அரியலூருக்கு அழைத்துப் போனாள். அங்கே அண்ணனும் அம்மாவும் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அண்ணன் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தார். எந்த டிப்பர் எத்தனை மணிக்கு வெளியே போனது, எவ்வளவு ஏற்றிக்கொண்டு போனது என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தப் புத்தி போகாது. அந்தப் புத்திக்கு வாய்த்த விளையாட்டு ஒன்று அவரிடம் இருந்தது.

சென்னையில் படித்த காலத்தில் கூடப் படித்தவர்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்டு வந்தது அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். இதோ ஒரு குகை, உள்ளே ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, வீரனாகவோ திருடனாகவோ மந்திரம் தெரிந்தவளாகவோ, தான் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதற்கு இருபது பக்கம் உள்ள பகடையை உருட்டச் சொல்லியிருந்தது புத்தகம். அரியலூரில் அதற்கு எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிப் பல்பொடி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம், பெரிய எண் வந்தால் பலித்தது. இது தாயமும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் என்ன ஆட்டமடா என்று அம்மா டீ வைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

விதிப்புத்தகம் ஜெராக்ஸ் பிரதி, கனமான கட்டு. அதில் அண்ணனுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் சண்டையும் இல்லை, மந்திரமும் இல்லை. பயணத்துக்கு யார் எதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிற அத்தியாயம். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு உடல் வலு. அந்த வலுவுக்கு ஏற்ற எடை. பாதி எடைக்கு மேல் போனால் நடை மெதுவாகும். முழு எடை வந்தால் ஓட முடியாது, வாள் வீச முடியாது. அதற்கும் மேலே போனால் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். புத்தகத்தில் எல்லாம் பவுண்டுக் கணக்கு. அண்ணன் அதை நம்பவில்லை. செந்துறையில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த விதை உரக்கடைத் தராசில் கிணற்றுக் கயிறு, கடப்பாரை, அரிக்கேன் விளக்கு, படுதா என்று ஒவ்வொன்றாக வைத்து நிறுத்து, கிலோவில் தமிழில் ஒரு அட்டவணை தயார் செய்திருந்தார். நனைந்த படுதாவுக்கு வேறு எடை. நிறுத்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். நனைப்பது கூட அவர் யோசனைதான்.

அட்டவணைக்குக் கீழே அண்ணன் தன் சொந்த விதிகளையும் சேர்த்திருந்தார். பொருள் முதுகிலா, இடுப்பிலா, கையிலா என்று சொல்ல வேண்டும். கீழே வைத்தால் எங்கே வைத்தது என்று சொல்ல வேண்டும். அடுத்தவருக்குக் கொடுத்தால், வாங்குகிறவர் வாயைத் திறந்து "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை அந்த எடை கொடுக்கிறவர் கணக்கில்தான் நிற்கும். சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது வண்டிச் சாவியை அப்படித்தான் கைமாற்றுவார்களாம்.

ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணனின் நண்பர், ரயில்வே கேட் பக்கம் டி.வி., டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். ஆட்டத்தில் அவர் பூட்டுத் திறக்கிற திருடன். இன்னொருவர் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க பஸ் ஏறி வருவார். என்னோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பேச்சு தீர்ந்ததும் முன்னறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் கேடயமும் இரண்டு வாளும் வைத்திருக்கிற வீரன். கடையில் வாரம் முழுக்க உர மூட்டை இறக்குகிற மனுஷன், ஆட்டத்திலும் வலுவில் பெரிய எண்ணைத்தான் எடுத்திருந்தார்.

நான் உள்ளறையில் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சித்திரையில் ஒருநாள் அண்ணன் கட்டிலை முன்னறைக்கே இழுத்துப் போட்டார். படுத்துக்கொண்டே ஆடலாம், நீ மந்திரக்காரி என்றார். மந்திரக்காரிக்கு வலு மிகவும் குறைவு. ஒரு தடி, ஒரு சுருக்குப்பை, அதோடு என் எடை முடிந்தது.

எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனது. வாரம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு, அடிவயிற்றில் ஏதாவது வலிக்கிறதா என்றே கவனித்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு குகை கிடைத்தது. மற்ற நாள்களில் விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் கையில் கிடைக்கிற எதையும் படிக்கிறவள். தபாலில் சரித்திரம் எம்.ஏ. முடித்ததும் அப்படித்தான். அண்ணன் அட்டவணைக்கு எடுத்துக்கொண்ட பக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று விடுபட்டிருந்தது. புத்தகத்தில் தண்ணீர்த் தோல்பைக்கு இரண்டு எடை கொடுத்திருந்தார்கள், காலியாக ஒன்று, நிரம்பினால் ஒன்று. அண்ணனின் அட்டவணையில் கடைசி வரி இப்படி இருந்தது: சாப்பாடு, தண்ணீர் - எடை இல்லை.

நனைந்த படுதாவை நிறுத்தவர்கள் தண்ணீரை நிறுக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, அது எனக்குத் தெரியும். சுரங்கத்தில் குடிதண்ணீர் டிரம்மில் டிராக்டரில் வந்துவிடும். வீட்டில் அம்மா பிடித்து வைத்திருப்பாள். என் வீட்டுக்காரரும் பாயும் கூட எட்டுகிற இடத்தில் சொம்பு இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள்தான். மூன்று பேரும் சேர்ந்து பார்த்துச் சரி என்று ஒத்துக்கொண்ட வரி அது. அன்றைக்கு நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் சிரிப்புதான் வந்தது.

வைகாசி பிறந்தது, ஐந்தாம் மாதமும் பிறந்தது. போன தடவை அந்த மாதத்தைத் தாண்டவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் புடவையைப் பார்ப்பேன். அந்தச் சமயத்தில்தான் செந்துறையிலிருந்து பேச்சு வந்தது.

முறைப்படி வளைகாப்பு ஏழாம் மாதம் செய்ய வேண்டும். ஏழாம் மாதம் ஆடியில் விழுந்தது, அதனால் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆவணிக் கடைசியில் வைக்கலாம் என்றார் மாமியார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் வளைகாப்பு நடப்பது புகுந்த வீட்டில். அது முடிந்துதான் பிறந்த வீட்டார் பெண்ணை அழைத்துப் போவார்கள். மாசக்கணக்காக அம்மா வீட்டிலேயே கிடக்கிறவளை யார் எங்கிருந்து அழைத்துப் போவது, சம்பந்தி வீட்டில் முறை தெரியாதா என்று தெருவே கேட்கிறது. அதனால் இப்போது வந்து ஆவணி வரை இருந்துவிட்டுப் போகட்டும். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது.

இதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மருத்துவமனைச் சீட்டை வைத்திருந்த ஷெல்ஃபைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து, அங்கே தண்ணிக்கு என்ன பண்ணுவா என்று கேட்டாள். அதெல்லாம் பார்த்துக்கலாங்க அத்தை என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் பாய் வந்துவிட்டார், ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

அன்றைய கதையில் நாங்கள் வெள்ளைக்காடு என்று ஒரு இடத்தைக் கடக்க வேண்டும். அண்ணன் அதை ரொம்ப நன்றாகச் சொன்னார், தினம் பார்க்கிற இடம்தானே. கண் கூசுகிற வெள்ளைப் பாறை, ஒரு மரம் கிடையாது, காலடியில் பொடி. அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை கிணறு இல்லை. எல்லாருக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பாய் தன் பூட்டுத் திறக்கும் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையைக் கூடத் தூக்கவில்லை.

"தண்ணிப் பையெல்லாம் அவகிட்ட குடுங்க மச்சான். அவ கை சும்மாதான இருக்கு."

யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் குறித்துக்கொள்ளப் போனார். நான் ஒருக்களித்துப் படுத்து, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். இதில் தண்ணீருக்கு எடை போட்டிருக்கிறது, நம் அட்டவணையில் இல்லை என்றேன். அண்ணன் வாங்கிப் படித்தார். கணக்கு ரொம்ப நீளுமே என்றுதான் விட்டேன் என்றார். பிறகு அவருக்கே பொறுக்கவில்லை. விதி என்றால் விதி. எல்லாப் பைகளையும் சேர்த்து என் பெயருக்குக் கீழே கூட்டிப் பார்த்தார். என் வேஷத்தால் தாங்கக்கூடிய எடையைப் போல அது இரண்டு மடங்கு வந்தது.

"மந்திரக்காரி நகர முடியாது" என்றார் அண்ணன். "நின்ன இடத்துலயே நிக்கணும்."

பாய் சிரித்தார். "நல்லதாப் போச்சு, தங்கச்சி அங்கயே தண்ணிப் பந்தல் வச்சிரட்டும்."

என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தண்ணியெல்லாம் ஒரு வெயிட்டா மச்சான்? நம்ம வூட்டுல தெனம் எடுக்குறதுதான."

யார் எடுப்பது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அண்ணனின் விதி ஞாபகம் வந்தது.

"நான் இன்னும் வாங்கல" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அவுங்க குடுத்துட்டாங்க. நான் வாங்கிட்டேன்னு சொல்லல. அப்ப அது அவுங்க கணக்குலதான இருக்கு?"

விதிப்படி அதுதான் சரி. அண்ணன் மெதுவாக என் பெயருக்குக் கீழே இருந்ததை அடித்து, என் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே எழுதினார். கேடயமும் இரண்டு வாளும் அதோடு தண்ணீரும் சேர்ந்தால் வீரனால் ஓட முடியாது, வாள் வீச முடியாது. எதையாவது கீழே வைக்க வேண்டும். எதை வைக்கிறாய் மாப்ள என்று அண்ணன் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஆட்டத்தைத்தான சொல்ற?"

நான் மருத்துவமனைச் சீட்டு இருந்த ஷெல்ஃபைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். பாய் டப்பாவை எடுத்துக் குலுக்கினார், யாரும் சீட்டு எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிச் சட்டையை மாட்டினார். அம்மா ஊற்றி வைத்த டீ அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது, புதன்கிழமை கார் சொல்லியிருக்கேன் என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திங்களும் செவ்வாயும் நான் சரியாகத் தூங்கவில்லை. போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் பெரிதாகச் சண்டை எல்லாம் போட மாட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிடும். போனால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. போய் இரண்டே நாளில் லாரிச் சத்தம் கேட்டு மாமியார் வீங்கின முட்டியோடு குடத்தை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியாது. அதுதான் எனக்குப் பயம். யாரும் என்னைத் தூக்கச் சொல்ல மாட்டார்கள். நானாகத்தான் தூக்குவேன்.

புதன்கிழமை கார் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கமான பஸ்ஸிலேயே வந்தார். என் கட்டில் பக்கம் வரவில்லை. நேராக அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, ஆரம்பிங்க மச்சான் என்றார். எதைக் கீழே வைக்கிறாய் என்கிற கேள்வி போன வாரத்திலிருந்து அப்படியே நின்றிருந்தது.

"கேடயம்" என்றார்.

"எங்க வைக்கிற?"

"இங்கயே. பாறை மேல. போறவன் வர்றவன் எடுத்துக்கட்டும்."

கேடயம் இல்லாத வீரனைக் கூட்டிக்கொண்டு வெள்ளைக்காட்டைக் கடந்தோம். பாதி வழியில் பாறை இடுக்கிலிருந்து அம்புகள் வந்தன. அண்ணன் விட்டுக்கொடுக்கவே மாட்டார். சீட்டில் மூன்று வந்தது, வீரன் செத்துப்போனான். பாய், அநியாயமா ஒரு மனுசனைத் தண்ணி தூக்க வச்சே கொன்னுட்டீங்களே என்றார். என் வீட்டுக்காரர் அதற்குச் சிரித்தார். எழுந்து வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ இங்கயே இரு. ஆவணிக்கு வந்தாப் போதும். அம்மாகிட்ட சொல்லிட்டேன். தண்ணிய நான் பாத்துக்கிறேன்."

அந்த வைகாசி எப்படியோ கழிந்தது. ஐந்தாம் மாதம் முடிந்த நாளைக் காலண்டர் தாளில் எழுதினேன். கருவுற்றதிலிருந்து நான் எழுதிய முதல் தேதி அது.

ஆனியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்து நின்றார். வேலை நாளில் வருகிறவர் இல்லை. ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க ஆட்கள் மொய்க்கிற நேரம், கடையை விட்டு அசைய முடியாத நேரம். சட்டையில் எண்ணெய்க் கறை மாதிரி ஏதோ இருந்தது. மாமியார் லாரிக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. குடம் உருண்டு போய், பின்னால் வந்த பெண்ணின் காலில் பட்டு அவளும் விழுந்தாளாம். மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவரே சொன்னார்.

"நான் காலையில கடைக்குப் போயிடுறேன். லாரி எப்ப வரும்னு தெரியல. மொதல்ல ரெண்டு நாளு நான் எடுத்தேன். ஆம்பள குடம் தூக்கிட்டு வர்றதப் பாத்துத் தெருவே சிரிக்குது, எனக்கு மானக்கேடா இருக்குன்னு அம்மா சொல்லிச்சு. குடத்தப் புடுங்கிருச்சு. நானும் விட்டுட்டேன்."

அவரைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. நான் கீழே வைத்த குடம் எங்கே போனது என்று இந்த ஒரு மாதமும் நான் கேட்டிருக்கலாம். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார், நான் நம்பினேன், அது எனக்கும் வசதியாக இருந்தது. செந்துறையில் அந்தக் குடத்தைக் கொடுத்தவரும் இல்லை, வாங்கினவரும் இல்லை. வீங்கின முட்டி உள்ள ஒருத்தி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் வந்துவிடுகிறேன் என்றேன். இப்போதே கிளம்பலாம், கை உடைந்து கிடக்கிறவருக்கு ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? அம்மாவால் போகாதே என்று சொல்ல முடியவில்லை. முறை அவளையும் கட்டிப்போட்டிருந்தது.

"நீ வந்தா ரெண்டு பேரும் படுத்துக்குவீங்க" என்றார் அவர். "தூக்குறது யாரு?"

"யாரு?"

"நாந்தான். தெருவு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது."

அன்றைக்கு அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அம்மா அவரோடு போய் மாமியாரைப் பார்த்துவிட்டு, நான்கு நாள் இருந்து ஆக்கிப் போட்டுவிட்டு வந்தாள். சம்பந்தி வீட்டில் தங்கக் கூடாது என்பார்கள். அவள் அதை யோசித்ததாகக் கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பதை எனக்குச் சொன்னது பாய்தான். ஆடியில் செந்துறைக்கு ஒரு டி.வி. ரிப்பேருக்குப் போயிருக்கிறார். சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, தோளில் ஒரு குடத்தோடு, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தாராம். பெண்கள் மாதிரி இடுப்பில் வைக்கத் தெரியவில்லை, தோளில் வைத்தால் சட்டை முழுக்க நனைகிறது. டீக்கடையிலிருந்து ஒருத்தன், "என்ன மாப்ள, வளைகாப்பு ஒனக்கா?" என்று கேட்டிருக்கிறான். "ஆமா, நல்ல கண்ணாடி வளையலா வாங்கிட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இவர் நிற்காமல் போனாராம். பாய் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியும். தெருவில் நாலு பேர் பார்த்தால் கைக்குடையை விரிக்கவே கூச்சப்படுகிறவர்.

அந்த ஞாயிறுகளில் ஆட்டம் நடக்கவில்லை. அவருக்கு வர நேரமில்லை. அண்ணன் தன் அட்டவணையின் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரைச் சுரங்கத்து எடைமேடை ஆபீசின் சின்னத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்து எழுதினார். அது எனக்காகச் செய்ததா, கணக்குக்காகச் செய்ததா என்று தெரியாது. அவரிடம் இரண்டும் ஒன்றுதான்.

ஆவணிக் கடைசியில், ஒன்பதாம் மாதம் பிறந்த பிறகு, வளைகாப்புக்கு என்னைக் காரில் செந்துறைக்கு அழைத்துப் போனார்கள். மெதுவாகப் போகச் சொல்லி அம்மா டிரைவரை வழியெல்லாம் கெஞ்சினாள். வீட்டு வாசலில் குடங்கள் வரிசையாக நிரம்பி நின்றன. மாமியார் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கூடியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை.

என்னிடம் முதலில் பேசியது அவர்தான். "ஒம் புருசன் தண்ணி எடுக்குற லட்சணத்தப் பாத்தியா? அரைக் குடம் ரோட்டுக்கு, அரைக் குடம் வூட்டுக்கு."

இடுப்பு பலகையில் அழுந்த உட்கார்ந்தேன். முதல் வளையல் போட வேண்டியது மாமியார். கண்ணாடி வளையல் போட இரண்டு கை வேண்டும். ஒரு கை விரல்களைக் குவித்துப் பிடிக்க வேண்டும், மறு கை வளையலை ஏற்ற வேண்டும். உடைந்தால் ஆகாது. இரண்டு தடவை இழந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு வளையல் உடைந்தால் அந்தக் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, நான் போட்டுடறேன் அத்தை என்று முன்னால் வந்தாள். மாமியார் அவளைப் பார்த்த பார்வையில் அவள் பின்னால் போய்விட்டாள்.

அவர் வலது கையில் பச்சை வளையலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நீட்டினார்.

"நான் புடிச்சிருக்கேன். நீயா கைய விட்டு ஏத்திக்க."

விரல்களைக் குவித்து மெதுவாக உள்ளே விட்டேன். கட்டைவிரல் மேட்டில் ஒரு இடத்தில் சிக்கியது. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. அவர் வளையலை அசைக்கவே இல்லை. நான்தான் தள்ளினேன், ஏறிவிட்டது. மறு கைக்கும் அப்படியே. கடைசி ஆளாக நின்றிருந்த என் வீட்டுக்காரர் பின்பக்கமாகத் திரும்பிச் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார்.

ஐப்பசி ஆரம்பத்தில் பெரம்பலூரில் மகள் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு என்றார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்த மாதத்தில் நல்ல மழை. லாரி நின்று, தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. படுத்திருந்ததால்தான் அவள் பிறந்தாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று முதல் நாள் சொன்ன அதே பதிலைச் சொன்னார்கள். அப்படியானால் அந்த மணிக்கட்டு எதற்காக உடைந்தது என்று நான் அவர்களைக் கேட்க முடியாது. வேறு யாரையும் கூடக் கேட்கவில்லை. 2007 கார்த்திகையில் அரியலூர் மறுபடி தனி மாவட்டமான அன்று காலண்டர் தாளில் அதைக் குறித்தபோது, இந்தக் கேள்வியையும் எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை, கிழித்துவிட்டேன்.

குழாய் வந்த பிறகும் என் வீட்டுக்காரர்தான் தண்ணீர் பிடிக்கிறார். தெரு எப்போதோ சிரித்து ஓய்ந்துவிட்டது.

மாமியார் மகளை வலது கையால் மட்டுமே தூக்குவார். இடது கையை அண்டக் கொடுப்பார், அதற்குப் பிடிப்பு கிடையாது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் "புடிச்சியா?" என்பார். நான் கையை நீட்டி வாங்கிய பிறகும் விட மாட்டார். "புடிச்சிட்டேன் அத்தை" என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்தக் கை விலகும். அண்ணனின் விதி அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.